பழைய சொகுசுக் கார்: நான்கு தலைமுறைகளின் இயற்பியல்

ஜெர்மனியில் பழைய கார்கள் விற்பனைக்கு நிற்கும் இடங்களில் ஒரு புதிரைக் காணலாம். மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தின் எஸ் வகுப்புக் கார் ஒன்று, 1980களில் செய்யப்பட்டது, நன்கு பேணப்பட்டது. அருகில் அதே வகுப்பைச் சேர்ந்த மற்றொன்று. 2000ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்டது. இரண்டாவது பதினைந்து ஆண்டு இளையது. குறைந்த எரிபொருளில் ஓடக்கூடியது. விபத்து நேர்ந்தால் கூடுதல் காப்பளிப்பது. ஆயினும் பல வேளைகளில் முதற் காரின் விலையே மிகுதி. மூத்தது விலை உயர்ந்தும் இளையது மலிந்தும் இருப்பது எவ்வாறு?

பழமையின் மேலுள்ள பற்றே காரணம் என்று சொல்லிவிடலாம். ஓரளவுக்கு அது உண்மையே. ஆனால் முழு விடை அதுவன்று. ஒவ்வொரு தலைமுறைக் காரும் தனக்கு முந்தியதன் குறை ஒன்றைத் தீர்க்கப் பிறந்தது. தீர்ப்பதற்குப் புதிய பொருளொன்றையும் புதிய இயற்பியல் விதியொன்றையும் துணைக்கழைத்தது. அந்தப் பொருள் எவ்வாறு முதுமை அடைகிறதோ அவ்வாறே அந்தத் தலைமுறைக் காரும் முதுமை அடைகிறது. இதைச் சற்று விரிவாகக் காண்போம். பழைய சொகுசுக் காரை வாங்க எண்ணுவோருக்கு இது பணத்தைப் பற்றிய செய்தி; பிரேக்கும் காற்றுப்பையும் இதில் அடங்குவதால் உயிரைப் பற்றிய செய்தியும் ஆகும்.

எஸ் வகுப்பு என்ற பெயர் 1972ஆம் ஆண்டில்தான் முறையாகச் சூட்டப்பட்டது. நிறுவனத்தின் உட்குறியீட்டு எண்களைக் கொண்டு தலைமுறைகளை அழைப்பது வழக்கம். 1972 முதல் 1980 வரை செய்யப்பட்டது 116ஆம் வரிசை. 1979இல் வெளிவந்து 1991 வரை நீடித்தது 126. 1991 முதல் 1998 வரை 140. 1998 முதல் 2005 வரை 220. இவற்றுக்குப் பின்னும் தலைமுறைகள் வந்துள்ளன. இக்கட்டுரைக்கு இந்த நான்கும் போதும்.

தேய்வு வேறு, முதுமை வேறு

காரின் உறுப்புகள் இரண்டு வழிகளில் கெடுகின்றன. பிரேக் கட்டை, டயர், பிஸ்டன் வளையம், தாங்கி ஆகியவை ஓடினால் தேயும், நின்றால் தேயா. தேய்வு ஏறத்தாழ ஓடிய தூரத்தைப் பொறுத்தது. அளந்து பார்க்கலாம், முன்கூட்டியே மாற்றலாம்.

ரப்பர், பிளாஸ்டிக், ஒட்டுப்பசை, மின்கம்பியின் மேலுறை ஆகியவை அப்படியல்ல. ஆக்சிசனும் ஓசோனும் வெப்பமும் அவற்றின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டும் குறுக்கே பிணைத்துக்கொண்டும் இருக்கின்றன. வண்டி ஓடினாலும் நின்றாலும் இவ்வேலை நடக்கும். கொட்டகையில் மாட்டி வைத்த பழைய சைக்கிள் டயர், ஒரு மைல்கூட ஓடாமலே வெடிப்பு விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலில் சொல்லப்படும் தோராய விதி. ஆகவே எஞ்சினை ஒட்டிக் கிடக்கும் ஒரு கம்பி, அதே கார் இருக்கையின் அடியில் கிடக்கும் கம்பியைக் காட்டிலும் பன்மடங்கு விரைவாக முதுமையடைகிறது.

காரின் முகப்பிலுள்ள தூரங்காட்டி முதல் வகைக் கேட்டை மட்டுமே சொல்லும். இரண்டாம் வகையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 'குறைவாக ஓடியது, ஆகவே நல்லது' என்ற விற்பனைப் பேச்சு பாதி உண்மைதான் என்பது இதிலிருந்து விளங்கும்.

எஃகின் தலைமுறை

116ஆம் வரிசையின் சிறப்பை அறிய அதற்கு முந்திய ஒரு கருத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். விபத்தில் கார் நசுங்கக் கூடாது. அது எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்றே முன்னர் எண்ணினர். மெர்சிடிஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பேலா பாரெனி என்ற பொறியாளர் இதை மறுத்தார். நடுவில் உள்ள பயணியர் அறை கெட்டியாக இருக்கவேண்டும். முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் நசுங்கவேண்டும் என்றார். 1951இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1959இல் வெளிவந்த கார்களில் அது நடைமுறைக்கு வந்தது.

எளிய கணக்கொன்றால் அவர் கூற்றைச் சரிபார்க்கலாம். மணிக்கு 55 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 15.3 மீட்டர். இவ்வேகத்தில் சுவரில் மோதும் கார் 10 சென்டிமீட்டர் தூரத்திற்குள் நின்றால், எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 120 மடங்கு. முன்பகுதி நசுங்கி 60 சென்டிமீட்டரில் நின்றால் அது 20 மடங்காகக் குறைகிறது. முன்னதில் பிழைப்பது அரிது. வார்ப்பட்டை அணிந்தவர் பின்னதில் பிழைத்துக்கொள்வார். திசைவேகத்தின் இருமடியை நிற்கும் தூரத்தின் இரட்டையால் வகுத்தால் எதிர்முடுக்கம் கிடைக்கும், அவ்வளவுதான். மேல்நிலைப் பள்ளி மாணவர் போடக்கூடிய இக்கணக்கு, பல்லாயிரம் உயிர்களைக் காத்திருக்கிறது.

116இல் இக்கருத்து முழுமையாகப் பயன்பட்டது. எரிபொருள் தொட்டி காரின் பின்முனையிலிருந்து அகற்றப்பட்டுப் பின் அச்சின் மேல் வைக்கப்பட்டது. பின்னாலிருந்து மோதினாலும் தொட்டி நசுங்காது. 1978இல் மற்றொரு முன்னேற்றம் வந்தது. பாஷ் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய, சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக் அமைப்பு இவ்வரிசையில் விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. இதன் தத்துவம் பாடநூலில் உள்ளதே. உருளும் சக்கரத்திற்கும் சாலைக்கும் இடையேயுள்ள பிடிப்பு, வழுக்கும் சக்கரத்தின் பிடிப்பைவிட மிகுதி. பிரேக்கை அழுத்தமாக மிதித்தால் சக்கரம் சுழலாமல் வழுக்கத் தொடங்கும், பிடிப்புக் குறையும். அதைவிடக் கொடியது, திசை திருப்ப இயலாமற் போவது. வழுக்கும் சக்கரத்தை எப்பக்கம் திருப்பினாலும் கார் நேரேதான் செல்லும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும் தறுவாயை உணர்கருவி கண்டு, வினாடிக்குப் பல முறை பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைத் தளர்த்தியும் இறுக்கியும் சக்கரத்தை உருளவிடுகிறது இவ்வமைப்பு.

ஆயினும் 116 அடிப்படையில் எஃகு வண்டியே. அதன் பகை துரு. துரு கண்ணுக்குத் தெரியும் பகை. சுத்தியால் தட்டிப் பார்க்கலாம், வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு. 1975இல் வந்த 450 எஸ்இஎல் 6.9 என்ற காரில் எஃகு வில்களே இல்லை. உருண்டைக் கலங்களில் அடைத்த நைட்ரசன் வாயு, ரப்பர்ச் சவ்வின் வழியாக எண்ணெயை அழுத்தி வண்டியைத் தாங்கியது. வாயுவின் மூலக்கூறுகள் ஆண்டுக்கணக்கில் அச்சவ்வினூடே மெல்ல விரவி வெளியேறுகின்றன. ஒழுக்கு எதுவும் தென்படாது. கார் மட்டும் நாளடைவில் மாட்டுவண்டிபோல் குலுங்கத் தொடங்கும். கலங்களை மாற்றினால் மீண்டும் மென்மை திரும்பும். பின்னாளில் வரப்போகும் சிக்கலுக்கு இது ஒரு முன்னறிவிப்பு.

காற்றை வென்ற தலைமுறை

1973இல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது. பெரிய கார் என்றாலே எரிபொருளைக் குடிப்பது என்ற பழி வந்தது. அதைத் துடைக்கவே 126 வடிவமைக்கப்பட்டது எனலாம். புருனோ சாக்கோ என்பவரின் பொறுப்பில் வடிவம் பெற்ற இக்காரின் இழுவைக் குணகம் 0.36. முந்திய வரிசையைவிட இது ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு.

காற்றை எதிர்த்துச் செல்லத் தேவையான திறன், வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. அதை மீண்டும் வேகத்தால் பெருக்கினால் திறன். இக்காரின் குறுக்குப் பரப்பை 2.15 சதுர மீட்டர் எனக் கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டரில் காற்றுக்கு மட்டும் ஏறத்தாழ 10 கிலோவாட் செலவாகும். 200 கிலோமீட்டரில் எவ்வளவு? இரு மடங்கன்று, எட்டு மடங்கு. 80 கிலோவாட். வேக வரம்பற்ற நெடுஞ்சாலைப் பகுதிகள் உள்ள ஜெர்மனியில் இழுவைக் குணகத்தில் ஒவ்வொரு நூற்றிலொரு பங்குக்கும் பொறியாளர் போராடியதன் காரணம் இதுவே.

126இல்தான் 1981ஆம் ஆண்டில் ஓட்டுநருக்கான காற்றுப்பையும், மோதும் கணத்தில் வார்ப்பட்டையை இழுத்து இறுக்கும் கருவியும் வந்தன. திண்ம வேதிப்பொருள் ஒன்று எரிந்து வாயுவை வெளியிட, கண் இமைக்கும் நேரத்திற்குள் பை விரிந்துவிடும். மோதல் எப்போதும் நேருக்கு நேராக நிகழ்வதில்லை. பெரும்பாலும் காரின் ஒரு பக்கமே எதிர் வண்டியில் இடிக்கிறது. முன்பக்கத்தின் 40 விழுக்காடு மட்டும் மணிக்கு 55 கிலோமீட்டரில் இடிக்கும் நிலையையும் கருத்திற் கொண்டு இக்காரின் உடல் வடிவமைக்கப்பட்டது.

எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட 126 செடான்கள் செய்யப்பட்டன. எஸ் வகுப்புத் தலைமுறைகளில் இதுவே எண்ணிக்கையில் முதன்மையானது. இன்று இவ்வரிசை ஏன் மதிக்கப்படுகிறது என்பதைப் பழுதுபார்ப்பவர் கோணத்தில் காணவேண்டும். எரிபொருள் செலுத்தும் அமைப்பு பெரும்பாலும் எந்திர முறையில் இயங்குவது. உட்புகும் காற்று ஒரு தட்டைத் தூக்குகிறது. தட்டு ஒரு தண்டை நகர்த்துகிறது. தண்டு எரிபொருளின் அளவை மாற்றுகிறது. கதவுப் பூட்டுகள் வெற்றிடக் குழாய்களால் இயங்குகின்றன. குழாயில் வெடிப்பு விழுந்தால் ஒரு கதவு பூட்டாது; அக்குழாயைத் தேடி மாற்றினால் பூட்டும். காரணத்திற்கும் விளைவுக்கும் இடையே உள்ள வழி கண்ணுக்குத் தெரிகிறது.

குறையே இல்லை என்பதன்று. எட்டு சிலிண்டர் எஞ்சின்களில், வால்வுகளை இயக்கும் சங்கிலியை நெறிப்படுத்தும் பிளாஸ்டிக் பட்டைகள் உண்டு. பல்லாண்டு சூட்டில் வெந்து அவை நொறுங்கும் தன்மை பெறுகின்றன. துண்டொன்று உடைந்து சங்கிலியில் சிக்கினால், வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் பாழாகும். சில நூறு கிராம் பிளாஸ்டிக்கின் முதுமை, இருநூறு கிலோகிராம் உலோகத்தின் முடிவாகிவிடும். இப்பட்டைகளைக் காலத்தைக் கணக்கிட்டு மாற்றவேண்டுமே தவிர, கிலோமீட்டரைக் கணக்கிட்டு அல்ல.

அமைதியின் விலை

126இல் பயணிகள் கேட்ட ஓசை பெரும்பாலும் காற்றின் ஓசையே. அதையும் ஒழிக்க முனைந்தது 1991இல் வந்த 140.

ஒரு தடுப்பின் நிறையை இரட்டித்தால் அதைக் கடந்து வரும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது ஒலியியலின் நிறை விதி. கண்ணாடியை வெறுமனே தடிப்பாக்குவதைவிட, நடுவே காற்று இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடிகளை வைத்தால் பயன் கூடுதல். முதற் கண்ணாடியின் அதிர்வு நேராக இரண்டாவதற்குத் தாவ முடியாது. இடையிலுள்ள காற்றை ஆட்டி அதன்வழியே செல்லவேண்டும். அவ்வாறே 140இன் பக்கக் கண்ணாடிகள் இரட்டையாக அமைந்தன. நடுவிலுள்ள உலர்ந்த காற்று வெப்பத்தையும் தடுத்தது. குளிர்நாளில் கண்ணாடியில் பனி படிவதும் குறைந்தது.

ஆனால் கண்ணாடி கனமானது. இரட்டைக் கண்ணாடியைத் தூக்கப் பெரிய மோட்டார் வேண்டும். பெரிய மோட்டாரும் கண்ணாடியும் அடங்கத் தடித்த கதவு வேண்டும். தடித்த கதவை ஓங்கிச் சாத்த வேண்டாமென்று, அதைத் தானே இழுத்து மூடும் கருவியும் சேர்ந்தது. இவ்வாறு ஒன்று ஒன்றை வளர்த்தது. 6 லிட்டர் கொள்ளளவுள்ள பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினும் சேர, 600 எஸ்இஎல் என்ற காரின் எடை இரண்டு டன்னைத் தாண்டிற்று. அக்காலத்தில் ஜெர்மன் இதழ்கள் இதைக் கடுமையாகச் சாடின. என் கருத்தில் அச்சாடல் ஓரளவு நியாயமே.

1,600 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 617 கிலோஜூல். 2,100 கிலோகிராம் ஆனால் 810 கிலோஜூல். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் இவ்வாற்றல் முழுவதும் பிரேக் தட்டுகளில் வெப்பமாக மாறவேண்டும். தட்டுகளின் மொத்த நிறை 30 கிலோகிராம் என்று வைத்தால், ஒரு நிறுத்தத்தில் முன்னதில் 46 பாகையும் பின்னதில் 60 பாகையும் வெப்பநிலை ஏறும். எடையுள்ள பழைய காருக்குப் பிரேக், டயர், முன்சக்கர மூட்டுகள் ஆகியவற்றின் செலவு ஏன் மிகுதி என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

காற்றிழுவையிலும் ஒரு நுணுக்கம். 140இன் இழுவைக் குணகம் 0.31 ஆகக் குறைந்தது. ஆனால் உண்மையில் பொருட்படுத்த வேண்டியது குணகத்தை மட்டுமன்று. குணகத்தையும் குறுக்குப் பரப்பையும் பெருக்கிய தொகையை. 126இன் அகலம் 1.82 மீட்டர், உயரம் ஏறத்தாழ 1.44 மீட்டர். 140 அகலத்தில் 1.89 மீட்டரும் உயரத்தில் 1.49 மீட்டரும் ஆனது. வெளி அளவுகளைக் கொண்டு மதிப்பிட்டால் பரப்பு 7 விழுக்காடு கூடிற்று. எனவே விளம்பரத்தில் 14 விழுக்காடாகத் தெரியும் ஆதாயம், சாலையில் 8 விழுக்காட்டளவில் நின்றது.

இக்காரின் மற்றொரு புதுமை கம்பிகளில் இருந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனிக் கம்பி. கருவிகள் பெருகப் பெருகக் கம்பிக் கட்டு கையளவு தடிப்பாயிற்று. பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய 'கேன்' என்னும் செய்தித் தடத்தைப் பயன்படுத்திய முதல் உற்பத்திக் கார்களுள் 140 ஒன்று. முறுக்கிய இரண்டே கம்பிகள். கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் அவற்றில் தொங்கும். ஒவ்வொரு செய்தியும் தன் அடையாள எண்ணைத் தாங்கிச் செல்லும். வேண்டிய பெட்டி அதை எடுத்துக்கொள்ளும். ஒரு கம்பியின் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதன் அழுத்தம் இறங்கும். இரண்டுக்குமுள்ள வேறுபாடே செய்தி. எஞ்சினின் தீப்பொறியால் எழும் மின்குறுக்கீடு இரு கம்பிகளையும் சமமாகத் தாக்குவதால் வேறுபாடு மாறாது. அழகிய ஏற்பாடு.

அழகிய ஏற்பாட்டைத் தாங்கிய கம்பிகளோ அவ்வளவு பேறு பெறவில்லை. 1990களின் முற்பகுதியில் இந்நிறுவனத்தின் பல எஞ்சின்களில், மண்ணில் மக்கிவிடக்கூடிய மேலுறை கொண்ட கம்பிகள் பயன்பட்டன. சுற்றுச்சூழல் நோக்கில் நல்ல எண்ணந்தான். ஆனால் மக்கும் பொருளுக்குத் தான் மக்கவேண்டிய இடம் எது என்று தெரியாது! எஞ்சினின் சூட்டில் மேலுறை காய்ந்து, வெடித்து, உதிர்ந்தது. செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டன. எஞ்சின் தடுமாறும், நிற்கும், மறுநாள் சரியாக ஓடும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் பழுது என்று எண்ணி அதை மாற்றியவர்கள் பலர். பழுது பெட்டியில் இல்லை. அதற்குச் செல்லும் வழியில் இருந்தது. இன்று இவ்வரிசைக் காரை வாங்குவோர் முதலிற் கேட்கவேண்டியது, எஞ்சின் கம்பிக் கட்டு புதிதாக மாற்றப்பட்டதா என்பதே.

1995இல் இவ்வரிசையில் சறுக்கல் தடுக்கும் அமைப்பு வந்தது. ஓட்டுநர் திருப்பிய அளவுக்குக் கார் திரும்ப வேண்டும். திரும்பாமல் நேரே சறுக்கினாலோ, அளவுக்கு மேல் சுழன்றாலோ, ஏதேனும் ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து அமைப்பு அதைச் சரிசெய்யும். கார் சுழலும் கோணத் திசைவேகத்தை அளக்கும் கருவியில் அதிரும் சிறு உருளை ஒன்று இருந்தது. கார் திரும்பும்போது கொரியோலிஸ் விசையால் அவ்வதிர்வின் பாங்கு சற்று இடம் மாறும், அம்மாற்றமே அளவை. பருவக்காற்றைத் திருப்பும் அதே விசை, ஈரச் சாலையில் காரையும் காக்கிறது.

காற்றில் நிற்கும் கார்

140இன் எடைக்கு மறுமொழியாக 1998இல் 220 வந்தது. மெலிந்த உடல். முந்தியதைவிட 300 கிலோகிராம் வரை எடைக்குறைவு. இழுவைக் குணகம் 0.27. பரப்பையும் சேர்த்து மதிப்பிட்டால் 126ஐக் காட்டிலும் காற்றிழுவை ஏறத்தாழ 23 விழுக்காடு குறைவு. புள்ளிவிவரத்தை மட்டும் பார்ப்பவர் வேறொரு காரை நாடமாட்டார்.

இக்காரில் எஃகு வில்லுக்குப் பதில் காற்று வில் பொதுவாக அமைந்தது. ஏன் என்பதைக் கணக்கால் காண்போம். மனித உடலுக்கு இதமான ஆட்டம் வினாடிக்கு ஏறத்தாழ ஓர் அதிர்வு. எஃகு வில்லில் அத்தகைய மென்மை வேண்டுமானால், காரின் எடையாலேயே வில் 25 சென்டிமீட்டர் அமுங்கியிருக்க வேண்டும். பின்னிருக்கையில் மூவரும் பெட்டியில் மூட்டைகளும் ஏறிப் பின் அச்சின் சுமை கால் பங்கு கூடினால், பின்பகுதி இன்னும் 6 சென்டிமீட்டர் தாழும். முகப்பு விளக்கு மரக்கிளையை நோக்கும். அதிர்வெண்ணும் மாறும்.

காற்று வில்லில் இத்தொல்லை இல்லை. சுமை கூடினால் கம்ப்ரசர் மேலும் காற்றை அடைத்துப் பழைய உயரத்திற்குக் காரைத் தூக்குகிறது. அடைபட்ட காற்றின் விறைப்பு அதன் அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. அழுத்தமோ சுமைக்கு நேர்விகிதம். ஆகவே சுமை கூடும் அதே விகிதத்தில் விறைப்பும் கூடுகிறது. அதிர்வெண் விறைப்பைச் சுமையால் வகுத்த ஈவின் இருமடி மூலத்தைப் பொறுத்ததாதலால் மாறாது நிற்கிறது. ஒருவர் அமர்ந்தாலும் ஐவர் அமர்ந்தாலும் அதே மென்மை. காற்றுத் தம்பத்தின் பயனுறு உயரம் 30 சென்டிமீட்டர் என்று கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். வினாடிக்கு ஏறத்தாழ ஓர் அதிர்வே வரும். இக்கணக்கை நான் இளநிலை மாணவர்களுக்குக் கொடுப்பதுண்டு. விடை வந்ததும் அவர்கள் முகத்தில் ஒரு வியப்புத் தோன்றும்.

இத்தனைக்கும் ஆதாரம் ஒரு ரப்பர்த் துருத்தி. சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் மடிப்பு உருண்டு வளைகிறது. இழுபட்ட நிலையிலுள்ள ரப்பரை ஓசோன் எளிதில் பிளக்கும். மடிப்போரத்தில்தான் இழுவிசை மிகுதி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மயிரிழை வெடிப்புகள் தோன்றலாம். மாலையில் நிமிர்ந்து நின்ற கார் காலையில் ஒரு பக்கம் படுத்துக் கிடக்கும், அசை போடும் மாட்டைப்போல. எஞ்சினை முடுக்கினால் கம்ப்ரசர் இயங்கிக் காரை எழுப்பிவிடும். 'எழுந்துவிட்டதே' என்று உரிமையாளர் விட்டுவிடுவார். சில நிமிடங்களே இயங்குமாறு அமைந்த கம்ப்ரசர், ஒழுகும் துருத்திக்கு ஈடாக ஓயாமல் இயங்கிச் சூடேறி எரிந்துபோகும். முதலில் ஒரு துருத்தியின் செலவு. விட்டுவிட்டால் துருத்தியும் கம்ப்ரசரும் சேர்ந்த செலவு.

மின்னணுவிலும் இதே கதை. 220இல் வானொலி, தொலைபேசி, வழிகாட்டி முதலிய கருவிகள் பிளாஸ்டிக் ஒளியிழையால் வளையமாக இணைக்கப்பட்டன. முழு அக எதிரொளிப்பால் ஒளி இழைக்குள்ளேயே ஓடும். மின்குறுக்கீடு அதை அணுகாது. ஆனால் வளையத்தில் ஒவ்வொரு கருவியும் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கொடுத்தாக வேண்டும். ஒன்று செத்தால் வளையம் அறுந்து அனைத்தும் ஊமையாகும். பழைய தீபாவளித் தொடர்விளக்குகளில் ஒரு பல்பு போனால் எல்லாம் அணைவதைப்போல. இவற்றோடு, உடற்தகடுகளில் துரு பற்றிய புகாரும் இவ்வரிசையில் பரவலாக எழுந்தது.

விலைப் புதிரின் விடை இப்போது தெளிவாகும். கார் விலை ஆண்டுதோறும் இறங்குகிறது. உதிரி உறுப்பின் விலை அவ்வாறு இறங்குவதில்லை. சிறு காரின் விலைக்கு வாங்கிய பழைய சொகுசுக் காருக்கு, சொகுசுக் காரின் விலையில்தான் துருத்தியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வாங்கவேண்டும். 126இல் பழுதுகள் தனித்தனியே வருகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. 220இல் ஒரு பழுது இன்னொன்றின் முகமூடியை அணிந்து வருகிறது. கண்டுபிடிப்பதற்கே தனிக் கருவியும் தேர்ந்த ஆளும் வேண்டும். சந்தை இந்த அச்சத்தையும் சேர்த்தே விலை வைக்கிறது. ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்து மூல நிலையில் பேணப்பட்ட வண்டிக்கு 'எச்' என்னும் எழுத்துடன் பதிவெண்ணும் ஒரே அளவான ஆண்டு வரியும் உண்டு. 126 வரிசை அந்த வயதைத் தாண்டிவிட்டது. இதுவும் அதன் மதிப்பை உயர்த்திற்று.

இதற்காக 220ஐ ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மழையில் வழுக்கும் சாலையில், குடும்பத்துடன் செல்லும்போது, சறுக்கல் தடுப்பும் பக்கக் காற்றுப்பைகளும் உள்ள காரையே நான் தேர்வேன். 126இன் எளிமை பழுதுபார்ப்பவருக்கு நன்மை. மோதும் கணத்தில் பயணிக்கு அது துணை வராது. நடுவில் உள்ள 140இன் பிற்காலக் கார்கள், கம்பிச் சிக்கல் நீங்கியும் சறுக்கல் தடுப்புப் பெற்றும் வந்தவை. எடையைப் பொறுத்துக்கொள்வோருக்கு அவை ஏற்றவை. எவ்வரிசையானாலும், காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கு சாவியைத் திருப்பியதும் ஒருமுறை எரிந்து, பின் அணைகிறதா என்று பார்க்கவேண்டும். எரியவே இல்லையெனில், பழுதை மறைக்க யாரோ அந்த விளக்கைக் கழற்றியிருக்கக் கூடும்.

220ஐப் பார்க்கச் செல்வோர் முந்திய நாள் மாலையே சென்று, நான்கு சக்கர வளைவுகளின் விளிம்பும் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளன என்று நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளலாம். மறுநாள் காலை, கதவைத் திறப்பதற்கும் எஞ்சினை முடுக்குவதற்கும் முன் மீண்டும் அளக்கவேண்டும். ஒரு மூலை மட்டும் குறிப்பிடத்தக்க அளவு தாழ்ந்திருந்தால் அம்மூலைத் துருத்தியிலோ அதற்குச் செல்லும் குழாயிலோ ஒழுக்கு உள்ளது. இரு மூலைகள் சேர்ந்து தாழ்ந்திருந்தால் அவற்றுக்குப் பொதுவான வால்வுத் தொகுதியை ஐயுறலாம். விற்பவர் காலையில் உங்களுக்கு முன்பே வந்து எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுவது நலம்.